அம்மாவுக்கு மூட்டுவலி, டெல்லியில் குளிர்: கடற்கரைப் பயணத்துக்கு இ.எம்.ஐ வாங்கலாமா?

கேள்வி: டெல்லியில் தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மனைவி, 12, 9 வயதில் இரு குழந்தைகள், 68 வயது அம்மா உடன் இருக்கிறார்கள். பனியிலும் புகையிலும் அம்மாவுக்கு மூட்டுவலியும் இருமலும் அதிகமாகின்றன. டிசம்பர் 24 முதல் 29 வரை கோவா செல்ல ஒரு டிராவல்ஸில் 1,85,000 ரூபாய் கேட்கிறார்கள். பயணத்துக்கென்று கையில் 60,000 இருக்கிறது. மீதியை 9 மாத ‘நோ காஸ்ட்’ இ.எம்.ஐ-யில் கட்டலாம் என்கிறார்கள். இப்போது ஏப்ரல் மாதம்தான். என்ன செய்யலாம்?

பதில்: ஊரை முடிவு செய்யும் முன் தேதியை மாற்றுங்கள். உங்கள் செலவை ஏற்றுவது கோவா அல்ல, கிறிஸ்துமஸ் வாரம். டெல்லிப் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை பெரும்பாலும் ஜனவரி 1 முதல் 15 வரை. புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரி முதல் திங்கட்கிழமையை ஒட்டிக் கிளம்பி பொங்கலுக்கு முன் திரும்பிவிட்டால் விமானம், அறை இரண்டிலுமே விலை இறங்கியிருக்கும்.

அறை வாடகையில் பலர் கவனிக்காத ஒரு கோடு இருக்கிறது. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை என்றால் ஜி.எஸ்.டி 5%, அதைத் தாண்டினால் முழு வாடகைக்கும் 18%. ஒரே அறை கிறிஸ்துமஸுக்கு 9,000, ஜனவரியில் 7,000 என்று வைத்துக்கொள்வோம். முதலாவதுக்குக் கட்டுவது 10,620, இரண்டாவதுக்கு 7,350. வாடகையில் வித்தியாசம் 2,000தான், பில்லில் 3,270. போதாததற்கு, கோவாவில் பல ஹோட்டல்கள் டிசம்பர் 24, 31 இரவுகளுக்கு ‘காலா டின்னர்’ (கொண்டாட்ட விருந்து) என்று தலைக்கு ஒரு தொகையைக் கட்டாயமாக வசூலிக்கின்றன. முன்பதிவுக்கு முன் இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இனி ஊர். அம்மாவை முன்னிட்டுப் பார்த்தால் என் தேர்வு புதுச்சேரி. ஜனவரியில் பகலில் 28-30 டிகிரி, இரவில் 21-22. கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். சமதளம், நடக்க எளிது. டிசம்பரில் இதே ஊரைச் சொல்லியிருக்க மாட்டேன். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீளும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகேதான் கரையைக் கடந்தது. சென்னையையும் பெங்களூரையும் சேர்ந்தவர்கள் வெள்ளி, சனி இரவுகளில் அறைகளை நிரப்பிவிடுவார்கள், எனவே திங்கள் முதல் வியாழன் வரை தங்குங்கள். ஆனால் நகரக் கடற்கரையில் பெரும்பாலும் பாறைகள்தான், குழந்தைகள் குளிக்க முடியாது. மற்ற இடங்களிலும் கடல் அலையின் இழுப்பு அதிகம். பிள்ளைகள் கடலில் ஆடியே ஆக வேண்டும் என்றால் அதே ஜனவரியில் தெற்கு கோவாவுக்குப் போங்கள், கோல்வா, பெனாலிம் பக்கம். ஒடிசாவின் பூரி கடற்கரைக்குச் செலவு குறைவுதான், ஆனால் அங்கே ஜனவரி இரவில் குளிர் இருக்கும், அம்மாவுக்கு வேண்டாம்.

புதுச்சேரிக் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும். சென்னைக்கு விமானத்தில் போய்வர ஐந்து பேருக்குத் தலைக்கு 11,000 வீதம் 55,000. இரண்டு அறைகள், ஒவ்வொன்றும் 4,500, நான்கு இரவு, ஜி.எஸ்.டி சேர்த்து 37,800. சென்னையிலிருந்து 150 கிலோமீட்டர்; பெரிய காரும் உள்ளூர்ச் சுற்றலும் 13,000. சாப்பாடு, இதர செலவு 20,000. மொத்தம் 1,25,800. ஜனவரியில் டெல்லி விடியற்காலை விமானங்கள் மூடுபனியால் மணிக்கணக்கில் தாமதமாகும். மதியம் 12 மணிக்கு மேல் கிளம்பும் விமானத்தையே எடுங்கள். தரைத்தள அறையா, லிஃப்ட் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பணத்துக்கு மே முதல் டிசம்பர் வரை எட்டு மாத வங்கி ஆர்.டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு), மாதம் 9,500. அது 76,000 ஆகும், கையிருப்போடு 1,36,000. பத்தாயிரம் அளவுக்கு அவசரத்துக்கு மிஞ்சும், வட்டி தனி. அக்டோபரில் விமானச் சீட்டை அந்த 60,000-லிருந்து எடுங்கள். ‘ஹோட்டலில் செலுத்தலாம், இலவசமாக ரத்து செய்யலாம்’ என்ற வகையில் அறை பதிவு செய்யுங்கள். சில நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அம்மாவின் உடல்நிலையை எண்ணினால் அது தேவை. தபால் அலுவலக ஆர்.டி இதற்கு ஆகாது: ஐந்து வருடத் திட்டம், மூன்று வருடம் ஆகாமல் மூட முடியாது.

‘நோ காஸ்ட்’ என்பதன் உள்ளே பாருங்கள். டிராவல்ஸ் கேட்பதில் 60,000 போக மீதி 1,25,000-க்கு மாதத் தவணை சுமார் 13,900. வங்கி வட்டி போடுகிறது. அதே அளவு தொகையை விற்பவர் தள்ளுபடியாகத் தருகிறார். வட்டி 7,500 என்றால் அதன் மேல் 18% ஜி.எஸ்.டி, 1,350 ரூபாய், உங்கள் தலையில்தான். பல வங்கிகள் செயலாக்கக் கட்டணமும் பிடிக்கும். பயணம் ரத்தானால் சிக்கல் இன்னும் பெரிது: டிராவல்ஸ் பணத்தைத் திருப்பித் தரும் வரை தவணை ஓடிக்கொண்டே இருக்கும், கட்டிய வட்டியும் வரியும் திரும்பாது.

சம்பளத்தில் எல்.டி.ஏ (விடுமுறைப் பயணப் படி) உண்டா, நீங்கள் பழைய வரி முறையில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டும் உண்டென்றால் விமானக் கட்டணத்துக்கு விலக்கு கேட்கலாம். அம்மா உங்களைச் சார்ந்திருந்தால் அவர் சீட்டும் சேரும். எல்.டி.ஏ 50,000 என்றால், 20% வரி அடுக்கில் செஸ் உட்பட 10,400 ரூபாய் மிச்சம். அறையும் சாப்பாடும் இதில் வராது. அதனால்தான் பேக்கேஜ் பில்லில் கட்டணம் தனியாகப் பிரிக்கப்படாவிட்டால் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சீட்டை நீங்களே தனியாக எடுத்து, போர்டிங் பாஸ்களைப் பத்திரப்படுத்துங்கள். புதிய வரி முறையில் இந்த விலக்கே கிடையாது. இதற்காக மட்டும் முறையை மாற்ற வேண்டாம்.