ஊட்டிக் குளிரில் சன்ஸ்கிரீன்: எண்ணெய்த் தோலுக்கும் வறண்ட தோலுக்கும் ஒரே டியூப் ஆகுமா?

ஆகாது, தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும். நீங்கள் கேட்டது இது: ஊட்டிக்குக் குடிவந்தாயிற்று, உங்களுக்கு எண்ணெய் வழியும் முகம், அம்மாவுக்கு வறண்ட தோல், கூடவே கன்னத்தில் மங்கு என்னும் கரும்பழுப்புப் படலம், அப்பாவுக்கு எதைப் பூசினாலும் எரிச்சல். இந்தக் குளிரில் சன்ஸ்கிரீன் தேவைதானா, தேவையென்றால் எந்தப் பொருளைப் பார்த்து வாங்குவது?

தேவைதான். வெயில் சுடவில்லை என்பதற்காகக் கதிர் இல்லை என்று ஆகிவிடாது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டியின் உயரம் ஏறக்குறைய 2,240 மீட்டர். போதாக்குறைக்கு நாம் இருப்பது 11 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல். மெல்லிய மேகம் 80 சதவீதம் வரை கதிரை உள்ளே விட்டுவிடும். சமவெளியில் வெக்கை தாங்காமல் நாமே நிழலுக்கு ஓடுவோம். இங்கே இதமாக இருக்கிறதே என்று சேரிங் கிராஸ் சந்திப்பில் நின்று வெயில் காய்வோம். முகம் கறுப்பது அப்படித்தான்.

டியூபுக்குள் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. கதிரைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்று, அதைச் சுமந்துவரும் பேஸ் இன்னொன்று. எண்ணெய்த் தோலா, வறண்ட தோலா என்பதற்குப் பேஸைப் பாருங்கள். மங்கு, எரிச்சல், அலர்ஜி என்றால் ஃபில்டரைப் பாருங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘ஜிங்க் எனக்குச் சேரவில்லை’ என்று சொல்பவர்கள் உண்டு. சேராதது பெரும்பாலும் அதிலிருந்த எண்ணெயோ வாசனையோ.

புற ஊதாக் கதிரில் தோலைச் சுடும் யுவிபி, கறுக்க வைக்கும் யுவிஏ என்று இரண்டு வகை. ஃபில்டர்களில் ஜிங்க் ஆக்ஸைடு இரண்டையும் பிடிக்கும், அலர்ஜி அரிது. நம் மாநிறத்தில் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துத் தெரிவதுதான் குறை. டைட்டானியம் டையாக்ஸைடு மட்டும் இருந்தால் நீண்ட அலை யுவிஏ-வில் கோட்டை விட்டுவிடும். அவோபென்சோன் அந்த நீண்ட அலைக்கு நல்ல ஆள். டியூபின் முதுகில் பியூட்டில் மெத்தாக்ஸிடைபென்சாயில்மீத்தேன் என்று போட்டிருக்கும். ஆனால் வெயில் பட்டால் அது தானே சிதையும். துணைக்கு ஆக்டோகிரிலீனோ பெமோட்ரிசினாலோ இருந்தால் தாக்குப்பிடிக்கும். அதற்குப் பதில் ஆக்டினாக்ஸேட் கூட இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். இந்த ஜோடியைக் கடைகளில் இன்னும் பார்க்கலாம். பட்டியலில் ஆக்டினாக்ஸேட், எத்தில்ஹெக்ஸில் மெத்தாக்ஸிசின்னமேட் என்ற பெயரில் இருக்கும். அட்டையில் எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு எண்) 50 என்று போட்டிருந்தாலும் எடுக்காதீர்கள். பெமோட்ரிசினால் வெயிலில் சிதையாது, இரு கதிரையும் பிடிக்கும், வெளுக்கவும் செய்யாது. கிடைத்தால் நான் சொல்வது அதைத்தான்.

எஸ்பிஎஃப் என்பது முக்கியமாக யுவிபி கணக்கு. 30 சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 சுமார் 98. நூறைத் தேடி அலைய வேண்டாம். யுவிஏ தடுப்பைக் காட்டும் பிஏ என்ற எழுத்துக்குப் பின்னால் எத்தனை பிளஸ் என்று எண்ணுங்கள்: மூன்றுக்குக் குறையக்கூடாது, இந்த உயரத்தில் நான்கு இருந்தால் நல்லது.

உங்கள் முகத்துக்கு ஜெல் அல்லது மெல்லிய லோஷன் பேஸ். பட்டியலின் முன்பகுதியில் சிலிக்கா, டைமெத்திகோன் இருந்தால் எண்ணெய் மினுக்கு அடங்கும். ஐசோப்ரொப்பைல் மிரிஸ்டேட், கோகோ பட்டர், தேங்காய் எண்ணெய் பட்டியலில் மேலே இருந்தால் டியூபைத் திரும்ப வைத்துவிடுங்கள், பரு கிளம்பும். பருவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் யுவிஏ ஃபில்டரில் சமரசமே கூடாது, அந்த மாத்திரை தோலை வெயிலுக்குக் கூச வைக்கும்.

அம்மாவுக்கு அதே ஜெல் ஆகாது. வேகமாக உலர வைக்கும் ஆல்கஹால் டினேட் பல ஜெல்களில் முதல் ஐந்து பெயர்களுக்குள் இருக்கும்; டிசம்பரில் உறைபனி விழுந்து கன்னம் வெடித்திருக்கும்போது சுரீர் என்று எரியும். கிளிசரின், செராமைடு, ஸ்குவாலேன் உள்ள க்ரீம் வாங்குங்கள். முதலில் மாய்ஸ்சரைசர், பத்து நிமிடம் கழித்து சன்ஸ்கிரீன். அவசரப்பட்டு உடனே தேய்த்தால் அழுக்கு மாதிரி உருண்டு உருண்டு உதிரும், உதிர்வது ஃபில்டர்தான். சன்ஸ்கிரீனுக்கு மேலே தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், படலம் கலைந்துவிடும்.

மங்குதான் பெரிய விஷயம். அதைக் கறுக்க வைப்பதில் கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சத்துக்கும் பங்குண்டு. நிறமில்லாத சன்ஸ்கிரீன் அதை நிறுத்தாது. அயர்ன் ஆக்ஸைடு சேர்த்த, பழுப்பு நிறம் கொண்ட டின்டட் வகைதான் வேண்டும். ஜிங்க் வெளுப்பையும் அந்த நிறமே மறைத்துவிடும். அம்மாவின் நிறத்துக்குப் பொருந்துகிறதா என்று தாடை ஓரத்தில் தடவி, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ட்யூப்லைட் ஏமாற்றும்.

அப்பாவுக்கு ஜிங்க் ஆக்ஸைடு மட்டும் ஃபில்டராக உள்ள, வாசனை சேர்க்காத க்ரீம். மூட்டுவலிக்குக் கீட்டோப்ரோஃபென் ஜெல் தேய்த்து எப்போதாவது தடித்திருந்தால் ஆக்டோகிரிலீன் பக்கமே போகக்கூடாது, இரண்டுக்கும் சேர்ந்தே அலர்ஜி வரும். வாங்கியதும் சோதித்துப் பார்ப்பார்கள், எங்கே? முழங்கை மடிப்பில், ஸ்வெட்டருக்குள். சில அலர்ஜி வெயில் பட்டால்தான் கிளம்பும், மூடிய கையில் தெரியவே தெரியாது. கழுத்தின் பக்கவாட்டில் மூன்று நாள் தடவி, வெயில் படும்படி விட்டுப் பாருங்கள்.

அளவில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் காட்டுவது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரி. முகத்துக்கு மட்டும் ஒரு வேளைக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் ஆகும், எனவே 50 கிராம் டியூப் ஒருவருக்கு நாற்பது நாள் ஓடினாலே அதிகம். ஆறு மாதம் ஓடுகிறது என்றால் அட்டையில் போட்ட எண்ணில் பாதிகூட உங்கள் முகத்தில் இல்லை. கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன் பூசி, வெளியே இருந்தால் இரண்டு மணிக்கொரு முறை திரும்பப் பூச வேண்டும். இங்கே வியர்வை குறைவுதான், ஆனால் மஃப்ளரும் மங்கி கேப்பும் தாடை, காதோரம், நெற்றியெல்லாம் துடைத்து எடுத்துவிடும். அந்த இடங்களைத் தனியாகத் தொட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா கார் ஓட்டுபவர் என்றால் வலது கன்னத்துக்கும் முன்கைக்கும் கூடுதலாக. பக்க ஜன்னல் கண்ணாடி யுவிபி-யை நிறுத்தும், யுவிஏ உள்ளே வந்துவிடும். முன்கண்ணாடி பரவாயில்லை. தோட்டத்தில் செலரிக் கீரை போட்டிருந்தால் ஒன்று: அதன் சாறு கையில் பட்டு மேலே வெயிலும் பட்டால் கொப்புளம் வரும். அங்கே சன்ஸ்கிரீனை நம்பாமல் கையுறை போட்டு அறுத்து, முடித்ததும் சோப்பால் கழுவிவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எதுவும் பூச வேண்டாம். தொப்பி, முழுக்கைச் சட்டை, நிழல் போதும்.

வெள்ளைச் சட்டை காலரில் துருப்பிடித்த மாதிரி கறை வந்தால் சலவைக்காரரைத் திட்டாதீர்கள். அவோபென்சோன் தண்ணீரிலுள்ள இரும்போடு சேர்ந்தால் அப்படி ஆகும், போர்வெல் தண்ணீரில் இன்னும் மோசம். ப்ளீச் போட்டால் கறை கூடத்தான் செய்யும். துருக்கறைக்குச் செய்வதுபோல எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து ஊறவிட்டு அலசுங்கள்.