அரசு மருத்துவமனை இருக்கும்போது ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளுக்குத் தனி அமைப்புகள் எதற்கு?

அந்தந்த ஊர்ப் பூர்வகுடி மக்களே உறுப்பினர்களாகச் சேர்ந்து, நிர்வாகக் குழுவையும் தாங்களே தேர்ந்தெடுத்து நடத்தும் அமைப்புகள் இவை. பணம் பெரும்பாலும் அரசுடையது, முடிவு அவர்களுடையது. மருத்துவத்தில் முதல் அமைப்பு 1971-ல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் தொடங்கியது. சட்ட உதவி, குழந்தைகள் நலம் எனப் பல துறைகளிலும் இப்படி உண்டு.

ஏன் தேவை என்பதற்கு கின்டோரைப் பாருங்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே 500 கிலோமீட்டருக்கு அப்பால், பாலைவனத்தில் இருக்கும் சிற்றூர். சிறுநீரகம் பழுதானால் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்தாக வேண்டும். அதற்காக ஊரையே விட்டு நகரத்துக்குக் குடிபெயர வேண்டியிருந்தது. பெரியவர்கள் போய்விட்டால் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டையும் சடங்கையும் யார் சொல்லித் தருவது? எந்த மருத்துவமனைக் கணக்கிலும் வராத இழப்பு இது.

இதை மாற்றப் பணம் திரட்ட, அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான பின்டுபி மக்களின் ஓவியர்கள் கூட்டாகப் பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். 2000-ல் சிட்னியில் நடந்த ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2004-ல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கிவிட்டது! இதற்காக அவர்கள் உருவாக்கிய அமைப்புதான் இன்றைய 'பர்ப்பிள் ஹவுஸ்'. துக்க காரியத்துக்கோ விழாவுக்கோ ஊர் திரும்புபவர்களுக்காக டயாலிசிஸ் இயந்திரம் பொருத்திய லாரியும் ஓடுகிறது. 2018-லிருந்து தொலைதூர ஊர்களில் செய்யும் டயாலிசிஸுக்கு அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேரும் பணம் தருகிறது.