ரிங்கை விட்டு ஏழு வருடம், ஏறியது 28 கிலோ

கேள்வி: டாக்டர், எனக்கு 43 வயது. பதினெட்டு வருடம் குத்துச்சண்டை ஆடியவன். 60 கிலோ பிரிவில் சொல்லிக்கொள்ளும்படி சில பதக்கங்கள் உண்டு. ரிங்கை விட்டு ஏழு வருடமாகிறது; இப்போது எடை 88 கிலோ, உயரம் 170 செ.மீ. மூன்று மாதத்தில் பழைய வீரர்களுக்கு ஒரு போட்டி வைக்கிறார்கள். அதில் 75 கிலோவில் இறங்க ஆசை. கடைசி ஐந்து கிலோவை அந்தக் காலத்தில் செய்தது போலத் தண்ணீரை நிறுத்தி, நீராவி அறையில் உட்கார்ந்து இறக்கிவிடலாம் என்றிருக்கிறேன். நண்பர் ஒருவர் எடை குறையத் தைராய்டு மாத்திரை கொடுத்திருக்கிறார், இன்னும் தொடவில்லை. இரண்டு நிமிடம் ஸ்கிப்பிங் போட்டாலே மூச்சு வாங்குகிறது. எந்நேரமும் அசதி, எதிலும் பிடிப்பில்லை. "அந்த ஆளா இது?" என்று கேட்கிறார்கள், அதுதான் தாங்கவில்லை.

பதில்: தொடாமல் இருந்தீர்களே, நல்லது. அந்த மாத்திரை தொடாமலேயே இருக்கட்டும்.

முகமது அலி 1980 அக்டோபர் 2 அன்று அப்போதைய ஹெவிவெயிட் சாம்பியன் லாரி ஹோம்ஸை எதிர்த்து இறங்கினார். அவருக்கு அப்போது 38 வயது. எடையை மளமளவென்று இறக்கியிருந்தார். பார்க்க இளமைக்கால அலி மாதிரியே இருந்தார். ஆனால் காலில் வேகமில்லை, கையில் பலமில்லை. பத்து ரவுண்டுக்குப் பிறகு அவருடைய மூலையிலிருந்தே சண்டையை நிறுத்தினார்கள். அந்தச் சண்டைக்கு முன்னால் அவர் சாப்பிட்டவற்றில் தைராய்டு மாத்திரையும் ஒன்று. தேவையில்லாத உடம்பில் அந்த ஹார்மோன் போனால் கொழுப்போடு தசையையும் கரைக்கும்; இதயம் படபடக்கும்; உடம்பு சூடு தாங்காது. கண்ணாடியில் ஒல்லியாகத் தெரிவோம், அவ்வளவுதான். எடை குறைவது வேறு, உடம்பு தேறுவது வேறு.

எதிர்ப்பக்கமும் ஒரு கதை இருக்கிறது. ஜார்ஜ் ஃபோர்மன் 1977-இல் விலகி, பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்தவர். 1994 நவம்பர் 5 அன்று, 45 வயதில், 26 வயது மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தி மறுபடி ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அன்று அவர் எடை சுமார் 113 கிலோ. 1974-இல் அலியிடம் தோற்றபோது 100 கிலோ அளவில்தான் இருந்தார். பழைய எடையை அவர் துரத்தவில்லை. இருக்கிற மூச்சை எண்ணி எண்ணிச் செலவழித்தார். ஆனால் அவர் ஆடியது ஹெவிவெயிட், மேல்வரம்பு இல்லாத பிரிவு. அந்த வசதி உங்களுக்கு இல்லை.

சரி, உங்கள் உடம்புக்கு வருவோம். 'வயசாகிவிட்டது, மெட்டபாலிசம் படுத்துவிட்டது' என்று பலரும் சொல்வார்கள். 20 வயதிலிருந்து 60 வரை, உடம்பின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால், அது பெரிதாக மாறுவதில்லை. பயிற்சி நின்றது, பசி நிற்கவில்லை, தசை கரைந்தது: வழக்கமான கணக்கு இது. போதாததற்கு, ஒவ்வொரு போட்டிக்கும் பட்டினி கிடந்து இறக்குவது, போட்டி முடிந்ததும் இரண்டு மடங்கு சாப்பிட்டு ஏற்றுவது என்று பதினெட்டு வருடம் உடம்பைப் பழக்கியிருக்கிறீர்கள். என்னிடம் வந்த ஒரு முன்னாள் வீரர் எடை மெஷினைப் பார்த்ததும், நான் சொல்லாமலே செருப்பு, வாட்ச், சட்டை, கழுத்துச் சங்கிலி என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஏறும் முன் மூச்சையும் வெளியே விட்டார். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது!

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது எடை இல்லை. 'எந்நேரமும் அசதி, எதிலும் பிடிப்பில்லை' என்ற வரி. மூளைக்கு அடியில், மெல்லிய காம்பில் தொங்குகிற பட்டாணி அளவுச் சுரப்பி பிட்யூட்டரி. தைராய்டு, சிறுநீரகத்தின் மேல் இருக்கிற அட்ரினல், விந்தகம் எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் உத்தரவு போகிறது. வருடக்கணக்கில் தலையில் குத்து வாங்கியவர்களில் சிலருக்கு அந்தச் சுரப்பி அடிபட்டு மந்தமாகிவிடுகிறது. அப்போது வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும், தசை குறையும், சோர்வு விடாது, மனம் ஒட்டாது. சுற்றியிருப்பவர்கள் 'சோம்பேறி ஆகிவிட்டான்' என்பார்கள்; அவரும் அதை நம்பிவிடுவார். உங்களுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் விடக்கூடாது என்கிறேன்.

காலை எட்டு மணிவாக்கில் ரத்தம் கொடுங்கள்: கார்டிசால் (அட்ரினல் சுரக்கும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோனின் அளவைக் காட்டுவது), டிஎஸ்எச் (தைராய்டுக்குப் பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவு), அதோடு ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்). டிஎஸ்எச் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கோளாறு பிட்யூட்டரியில் இருந்தால் டிஎஸ்எச் நார்மல் என்றே காட்டலாம். இன்னொன்று: கார்டிசால் குறைவாக இருப்பவர் அதைச் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரை எடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். நண்பர் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார். சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், இசிஜி இவையும் வேண்டும். மூச்சு வாங்குவதால் டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று இதய மருத்துவர் சொல்லட்டும். ஸ்கிப்பிங் போடும்போது நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அதோடு நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தண்ணீரை நிறுத்தும் யோசனைக்கு என் பதில், கூடாது. 1997 கடைசியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், சில வாரங்களுக்குள், இப்படி எடை இறக்கும்போதே இறந்துபோனார்கள். எல்லோரும் இளைஞர்கள். அதன் பிறகுதான் அங்கே விதிகளை மாற்றினார்கள். உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் கெட்டியாகும், சிறுநீரகம் திணறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். அந்த நிலையில் தலையில் குத்து வாங்குவது அதைவிட மோசம்.

போட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெச்சூர் குத்துச்சண்டையின் எலீட் பிரிவிலேயே 40 வயதுக்கு மேல் அனுமதி இல்லை. காரணம் இல்லாமல் அப்படி வைக்கவில்லை. 'எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கிறேன், நார்மலாக இருந்தால் இறங்குகிறேன்' என்பார்கள் சிலர். திரும்பத் திரும்ப அடிபட்டதால் மூளையில் வரும் சிதைவை அந்தப் படம் இல்லை என்று நிரூபிக்காது. அதை உறுதியாகக் கண்டுபிடிப்பது இன்னும் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்துதான். அதனால் தலையில் அடி விழும் சண்டை வேண்டாம். அந்த நாளில் ரிங்கில் ஏற வேண்டும் என்றால் எதிராளி இல்லாமல் காற்றில் குத்தும் ஷேடோ பாக்ஸிங் காட்டுங்கள், இளைஞர்கள் குத்திப் பழகக் கையில் மெத்தைப் பேட் மாட்டிப் பிடியுங்கள். கைதட்டல் அதற்கும் கிடைக்கும்.

எடைக்கு மூன்று மாதக் கணக்கை மறந்துவிடுங்கள். வாரம் அரை கிலோ இறங்கினால் போதும். ஆறு மாதத்தில் 80-க்குக் கீழே வந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வித்தியாசம் காட்டும். எடையைவிட இடுப்பை அளந்து பாருங்கள். உங்கள் உயரத்துக்கு 85 செ.மீ.-க்குள் இருப்பது நல்லது. பரிசோதனை முடிவுகள் சரியாக இருந்தால், வாரம் ஐந்து நாள், பேச்சு தடைபடாத வேகத்தில் 40 நிமிட நடை. இரண்டு நாள் பளு. ஸ்கிப்பிங் கயிற்றை இரண்டு மாதம் ஆணியில் மாட்டி வையுங்கள். 88 கிலோவைத் தூக்கிக் குதிக்க உங்கள் முட்டி இன்னும் தயாராக இல்லை. பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் முதல் நாளே பழைய வேகத்தில் தொடங்கி, இரண்டாவது வாரம் காலில் கட்டோடு வருகிறார்கள்.

கழுத்து தடித்து, இந்த எடையும் இருந்தால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். பகல் அசதிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் ஒருவரைக் கூட்டிப் போங்கள். குறட்டையைப் பற்றி உங்களைக் கேட்டால் 'இல்லவே இல்லை' என்றுதான் சொல்வீர்கள்.