லைடார் ஆராய்ச்சியில் ஆண்டுகள் எதில் கழியும்?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகிறேன். லேசர் கொண்டு வளிமண்டலத்தை ஆராயும் துறையில் அன்றாட வேலை எப்படி இருக்கும்? இப்போதே எதைப் படிக்க வேண்டும்?

லேசரை வானத்துக்கு விடுவது இந்த வேலையில் சின்னப் பகுதிதான். திரும்பி வரும் ஒளியில் எது காற்று சொல்வது, எது கருவி சொல்வது என்று பிரித்தறிவதில்தான் ஆண்டுகள் கழியும். அதில் ருசி இருந்தால் தயங்காமல் வாருங்கள்.

நமக்குப் பக்கத்திலேயே, திருப்பதியை அடுத்த காதங்கியில், 1998 முதல் இந்திய–ஜப்பானிய லைடார் (லேசர் துடிப்பை அனுப்பி, சிதறித் திரும்பும் ஒளியை அளக்கும் கருவி) ஒன்று இருக்கிறது. இன்று அந்த இடம் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம். 532 நானோமீட்டர் பச்சை ஒளி, நொடிக்கு 20 துடிப்பு. தூசுக்கும் (உப்பு, புகை உட்பட காற்றில் மிதக்கும் நுண்துகள்கள்) சிர்ரஸ் என்ற உயரமான பனித்துகள் மேகத்துக்கும் 35 செ.மீ. தொலைநோக்கி, ஏறத்தாழ 30 கி.மீ.க்கு மேலே வெப்பநிலை காண 75 செ.மீ. தொலைநோக்கி. துடிப்பு கிளம்பி 1 மைக்ரோநொடி கழித்து வரும் ஒளி 150 மீட்டர் உயரத்திலிருந்து வந்தது. கணக்கு அவ்வளவுதான். சிக்கல் இதற்கப்புறம்.

வரும் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும்: 1 கி.மீ.யில் கிடைப்பதில் நூறில் ஒரு பங்குதான் 10 கி.மீ.யில், அதுவும் காற்று அடர்த்தி குறைவதைச் சேர்க்காமலேயே. மேலிருந்து வரும் போட்டான்களை (ஒளித்துகள்களை) ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கீழிருந்து வரும் வெள்ளத்தில் அதே எண்ணும் கருவி திணறும். ஒரு போட்டானை எண்ணியதும் 4 நானோநொடி அது குருடாகிவிடும் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 5 கோடி என்று காட்டினால் உண்மையில் வந்தது 6.25 கோடி. ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். வரைபடமோ அழகாகவே தெரியும். தாழ்வான உயரத்தில் தூசு குறைவு என்று முடிவெழுத இதுவே போதும்.

தாழ்வான உயரத்தில் ஒளி குறைய இன்னொரு காரணமும் உண்டு: அங்கே லேசர் கற்றை தொலைநோக்கியின் பார்வைக்குள் முழுசாக நுழைந்திருக்காது. இதை ஓவர்லாப் என்கிறோம். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க எளிய வழி: உணரிக்கு முன்னால், ஒளியைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் வடிகட்டியை வையுங்கள். வளைவின் வடிவம் மாறினால் எண்ணும் கருவி திணறுகிறது. மாறாமல் அளவு மட்டும் இறங்கினால் ஓவர்லாப். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாததால் வீணாகும் மாதங்கள் அதிகம்.

மேல் முனையில் வேறு தொல்லை. பின்புல ஒளியை (லேசரிலிருந்து வராத வான ஒளியை) குறைவாகக் கழித்தால், அங்கே இல்லாத காற்றைக் காட்டும், வெப்பநிலையும் தப்பாகும். கீழிருந்து வந்த பலத்த ஒளி போட்டோமல்டிப்ளையர் என்ற உணரியில் மிச்சம் வைக்கும் இரைச்சலும் இதே வேலையைச் செய்யும். அதனால்தான் துடிப்பு கிளம்பியதும் சிறிது நேரம் உணரியை அணைத்து வைக்கிறார்கள், அல்லது இயந்திரத் திரையால் மறைக்கிறார்கள்.

தூசின் ஒளிமறைப்பைக் கணக்கிட லைடார் விகிதம் என்ற எண் வேண்டும்: தூசு மறைக்கும் ஒளிக்கும் பின்னோக்கிச் சிதறும் ஒளிக்கும் உள்ள விகிதம். கடல் உப்புக்கு அது 20–25, காட்டுத்தீப் புகைக்கு 60–80 என்ற அளவில் இருக்கும். புகை நிறைந்த நாளில் 25 என்று போட்டால் விடை பாதிக்கும் கீழே போய்விடும். நைட்ரஜனின் ராமன் ஒளியை (மூலக்கூறில் பட்டு அலைநீளம் மாறிச் சிதறும் ஒளியை), 532-க்கு 607 நானோமீட்டரில், தனியே அளந்தால் இந்த ஊகம் தேவையில்லை. ஆனால் அது சாதாரணச் சிதறலைவிட ஆயிரம் மடங்கு அளவில் மங்கல். பெரும்பாலும் இரவில்தான் சாத்தியம். இரவு விழிப்பு இந்தத் தொழிலோடு ஒட்டிப் பிறந்தது. பருவமழைக் காலத்தில் மேகம் விலகும்வரை காத்திருப்பதும் அப்படியே.

படிக்க வேண்டியவை: ஒளியியல், சிதறல் கோட்பாடு, பாய்சான் புள்ளியியல், பைத்தான். ஆய்வு மாணவர் இடத்துக்கு நெட், கேட், ஜெஸ்ட் ஆகிய தேர்வுகளில் ஒன்றைப் பொதுவாகக் கேட்பார்கள். 2006 முதல் 2023 வரை பறந்த கலிப்சோ செயற்கைக்கோளின் லைடார் தரவு இலவசம். இன்றே இறக்கிப் பழகலாம்.

ஆய்வகத்தில் சேர்ந்ததும் ஒரு இரவின் மூலத் தரவையும், தொலைநோக்கியை மூடி எடுத்த இருள் அளவீட்டையும் கேட்டு வாங்குங்கள். பின்புலம் கழித்து, தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அன்றைய பலூன் அளவீட்டிலிருந்து கணித்த தூய காற்றின் வளைவோடு ஒப்பிடுங்கள். தூசற்ற, சிர்ரஸ் இல்லாத உயரத்தில் இரண்டும் ஒட்டிப் போக வேண்டும். நம் பகுதியில் சிர்ரஸ் 17, 18 கி.மீ. வரை ஏறும்; கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாகவும் இருக்கும். ஆகையால் ஒப்பிடும் உயரத்தை அதற்கு மேலே, தூசு அருகிவிட்ட 30 கி.மீ. பக்கம் வையுங்கள்.