மாலை நேர அழுகையும் ‘பால் போதவில்லை’ என்ற பயமும்

கேள்வி: எனக்கு இது முதல் பிரசவம். பெண் குழந்தை, பிறந்து 20 நாட்கள் ஆகின்றன. பகலில் ஒழுங்காகப் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறாள். மாலை 6 மணிக்குத் தொடங்கும் அழுகை இரவு 10 மணி வரை ஓய்வதில்லை. அரை மணிக்கு ஒருமுறை பால் கேட்கிறாள். முதல் வாரத்தில் பால் கட்டிக் கனத்திருந்த மார்பு இப்போது தளர்ந்துவிட்டது. பம்ப் வைத்துப் பார்த்தால் 20 மில்லிகூட வரவில்லை. பிறந்தபோது எடை 2.8 கிலோ, 3-ஆம் நாள் வீடு திரும்பும்போது 2.62, 16-ஆம் நாள் 2.95. பால் போதவில்லை, டின் பால் கொடு என்கிறார் மாமியார். கிரைப் வாட்டர் கொடுத்துப் பார் என்கிறார் அம்மா. நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் முதலில் பார்த்தது எடைக் கணக்கைத்தான். பிறந்த முதல் சில நாட்களில் குழந்தையின் எடை சற்றுக் குறைவது இயல்பு. அந்தக் குறைவு 10 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நாங்கள் கவலைப்படுவோம். உங்கள் மகள் இழந்தது 180 கிராம், அதாவது 6 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அதன்பின் 13 நாட்களில் 330 கிராம் கூடியிருக்கிறாள். நாளொன்றுக்குச் சராசரியாக 25 கிராம். இந்த வயதில் 20 முதல் 30 கிராம் வரை கூடினால் போதும் என்னும்போது, பால் போதவில்லை என்று சொல்ல இடமே இல்லை. இதைச் சிறுநீர்க் கணக்கோடும் ஒத்துப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 6 முறைக்குக் குறையாமல், அடர்மஞ்சளாக இல்லாமல் வெளிறிய நிறத்தில் சிறுநீர் போனால் வயிற்றுக்குள் வேண்டிய அளவு பால் சேர்கிறது என்று பொருள். டயப்பர் கட்டினால் எண்ணிக்கை தெரியாது. ஒரே ஒரு நாள் பழைய பருத்தித் துணி கட்டி எண்ணிவிடுங்கள்.

மார்பு தளர்ந்தது பால் வற்றியதன் அடையாளம் அன்று. முதல் வாரத்துக் கனத்தில் பாலோடு திசுக்களின் வீக்கமும் கலந்திருக்கும். அந்த வீக்கம் வடிந்து, குழந்தை கேட்கும் அளவுக்கு ஏற்பச் சுரப்பு ஒழுங்குபடும்போது மார்பு மிருதுவாவதே முறை. பம்பில் வரும் அளவையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். சரியாகப் பற்றிய குழந்தையின் வாய் இழுக்கும் அளவுக்கு எந்த பம்பும் இழுக்காது, அதுவும் பதற்றத்தோடு அமர்ந்து பீய்ச்சும்போது பால் இறங்குவதே தடைபடும்.

அப்படியானால் மாலையில் ஏன் இந்த அழுகை? பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து குழந்தைகளின் அழுகை கூடிக்கொண்டே போய், ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதங்களில் தானாகத் தணிகிறது. அதில் பெரும்பகுதி மாலையிலும் முன்னிரவிலும்தான் வரும். தாய்ப்பால், டின் பால் எதைக் குடித்து வளரும் குழந்தையிடமும் இது காணப்படுகிறது. அதே நேரத்தில்தான் பல குழந்தைகள் அடுத்தடுத்துச் சிறுசிறு தவணையாகப் பால் குடிக்கின்றன. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்க வேண்டிய குழந்தை அதைச் சம இடைவெளியில்தான் குடிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. நம் வீடுகளில் அந்த நான்கு மணி நேரம்தான் குழந்தை பார்க்க உறவினர்கள் வரும் நேரமும், தொலைக்காட்சித் தொடர்கள் ஓடும் நேரமும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலையில் மாலைக்கு ஒரு வேளை டின் பால் கொடுத்தால், குழந்தை கனமாகத் தூங்கிவிடும். வீட்டில் எல்லோரும் ‘பார்த்தாயா, பசிதான்’ என்பார்கள். ஆனால் அந்த மூன்று, நான்கு மணி நேரம் மார்பு காலியாகாமல் பால் தேங்கிக் கிடக்கும். தேங்கிய பால், சுரப்பைக் குறைக்கும்படி மார்புக்கே உணர்த்திவிடும். சில நாட்களில் சுரப்பு உண்மையாகவே குறைந்து, இல்லாத குறை உண்டாகிவிடும். மருத்துவக் காரணத்துக்காக டின் பால் தேவைப்படும் குழந்தைகள் உண்டு, அதில் குற்றவுணர்வுக்கு இடமில்லை. உங்கள் மகளின் எடையில் அந்தக் காரணம் எதுவும் தெரியவில்லை. தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகத்தை அந்த டின்னின் மேலேயே அச்சிட வேண்டும் என்கிறது 1992-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது குழந்தை மார்பைப் பற்றும் விதம். அழுகை என்பது பசியின் கடைசி அறிகுறி. தலையை இருபுறமும் திருப்பித் தேடுவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது, நாக்கை நீட்டிச் சப்புக்கொட்டுவது ஆகியவை முன்னரே வரும்; அப்போதே எடுத்துவிடுங்கள். குழந்தையின் தலையும் முதுகும் இடுப்பும் ஒரே நேர்க்கோட்டில், வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். கொட்டாவி விடுவதுபோல் வாய் அகலத் திறக்கும் நொடியில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பைக் குழந்தையிடம் குனிந்து கொடுத்தால் முதுகுவலிதான் மிஞ்சும். காம்பு மட்டும் வாய்க்குள் போனால் புண்ணாகும், பாலும் வராது. முகவாய் மார்பில் பதிந்து, கீழ் உதடு வெளிப்புறம் மடிந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேல் உதட்டுக்கு மேலே கூடுதலாகவும் கீழே குறைவாகவும் தெரிந்தால் பிடி சரி. முதலில் வேகவேகமாகச் சப்பும் குழந்தை, பால் இறங்கியதும் நிதானமாக, ஆழமாக இழுத்து விழுங்கும். அந்த விழுங்கும் ஓசை உங்கள் காதில் விழும். ஒரு மார்பை முழுவதும் குடித்துத் தானாக விட்ட பிறகே மறு மார்புக்கு மாற்றுங்கள்.

குடித்து முடித்தும் அழுதால், தோளில் சாய்த்து முதுகைத் தடவி ஏப்பம் விடச் செய்யுங்கள். பிறகு விளக்கைக் குறைத்து, தொலைக்காட்சியை அணைத்து, குழந்தையை உங்கள் வெற்று மார்பிலோ அதன் அப்பாவின் வெற்று மார்பிலோ படுக்க வைத்து முதுகுப்புறம் மெல்லிய துணியால் மூடுங்கள். உடற்சூடும் இதயத் துடிப்பும் ஆற்றும் அளவுக்கு வேறெதுவும் ஆற்றுவதில்லை. தாலாட்டோ, ஒரே சீரான ‘ஷ்’ ஓசையோ, தோளில் போட்டுக்கொண்டு நடப்பதோ எது பலிக்கிறது என்று நீங்களே கண்டுகொள்வீர்கள். தூளியில் போட்டால் முகவாய் நெஞ்சில் இடிக்கும்படி கழுத்து மடங்காமல், முகத்தில் துணி விழாமல் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். இரவுத் தூக்கத்துக்குச் சமதளத்தில், மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு. எரிச்சல் தலைக்கேறினால் குழந்தையைப் பத்திரமாகக் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியே சென்று வாருங்கள். பிறந்த குழந்தையை ஒருபோதும் குலுக்கக் கூடாது. மூளையில் இரத்தக்கசிவு ஏற்படும்.

கிரைப் வாட்டர் இந்த அழுகையைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை, எனவே வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர், வெந்நீர், உரைத்த வசம்பு ஆகியவையும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சைக் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலும், மருத்துவர் எழுதித் தந்த சொட்டு மருந்தும் மட்டுமே. உங்கள் பத்தியத்தில் பூண்டும் கருவாடும் இருந்துவிட்டுப் போகட்டும்; தண்ணீரை மட்டும் யார் சொன்னாலும் குறைக்காதீர்கள்.

பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, உடல் வெப்பம் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டுவது அல்லது உடல் சில்லிட்டுப் போவது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்குவது, பச்சை நிறத்தில் வாந்தி, வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள். இவை இல்லாதபோது, 45-ஆம் நாள் தடுப்பூசி வரை பொறுக்காமல் 23-ஆம் நாளே, முன்பு பார்த்த அதே தராசில், ஆடையின்றி எடை பாருங்கள். 3.1 கிலோவை ஒட்டி இருந்தால் அந்தச் சீட்டை மாமியாரிடம் காட்டுங்கள். கூடாமல் அப்படியே நின்றிருந்தால், டின்னை வாங்கும் முன் குழந்தையோடு மருத்துவரிடம் சென்று, அவர் கண்முன் ஒருமுறை பால் கொடுத்துக் காட்டுங்கள்.