நட்டவர் ஒருவர், பால் வெட்டியவர் ஒருவர்

கேள்வி: மைக்ரோசாஃப்ட்டைத் தூக்கி நிறுத்தியது அதன் தலைமைச் செயல் அதிகாரி சத்யா நாதெள்ளாதான் என்று நாகர்கோவிலில் ஐடி வேலை பார்க்கும் என் மச்சான் ஒரே பாட்டாகப் பாடுகிறார். அவ்வளவு பெரிய கம்பெனியை ஒரே ஆளால் மாற்ற முடியுமா?
- ரப்பர் தோட்டக்காரர், குலசேகரம்

பதில்: குலசேகரத்துக்காரருக்கு இதை விளக்கவா வேண்டும்? ரப்பர் கன்று நட்டு ஆறேழு வருஷம் காத்திருந்தால்தானே பால் வெட்ட முடியும். மைக்ரோசாஃப்ட் நிமிரக் கைகொடுத்த அஷ்யூர் என்ற கிளவுட் சேவை (கம்ப்யூட்டர் வசதியை இணையம் வழியே வாடகைக்கு விடுவது) 2010-லேயே சந்தைக்கு வந்துவிட்டது, அப்போது தலைமையில் இருந்தவர் ஸ்டீவ் பால்மர். ஊழியர்களை வரிசைப்படுத்தி மார்க் போட்டு, கடைசியில் நிற்பவரை ஓரங்கட்டும் முறையை 2013 நவம்பரில் கைவிட்டதும் அவர் காலத்தில்தான் (இதையும் நாதெள்ளா கணக்கில் எழுதிவிடுகிறார்கள், பாவம் பால்மர்). நாதெள்ளா தலைமைக்கு வந்தது 2014 பிப்ரவரியில். அதற்கு முன்பே கிளவுட் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் அவர், அதனால் வெறுமனே வெட்ட வந்தவர் என்றும் சொல்ல முடியாது.

சரி, மச்சான் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. பால்மர் விலைக்கு வாங்கப் பேசி முடித்த நோக்கியா போன் தொழில், நாதெள்ளா வந்த பிறகுதான் கைக்கு வந்தது. மறுவருஷமே, 2015-ல், சுமார் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார். முன்னவர் நட்டதைப் பிடுங்கிப் போட தைரியம் வேண்டும், அது அவரிடம் இருந்தது. கூடவே 7,800 பேர் வரை வேலையிழப்பார்கள் என்ற அறிவிப்பும் வந்தது. மச்சானின் பாட்டில் அந்த வரி வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.