மூச்சுத்திணறலுடன் வருபவருக்கு எக்ஸ்ரேக்கு முன்னரே இதயத்தை ஸ்கான் செய்வது நேர விரயம் அல்லவா?

உங்கள் தந்தையாரை மூச்சுத்திணறலுடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசென்றபோது, எக்ஸ்ரேக்கு அனுப்பாமல் கட்டிலருகே முதலில் இதயத்தை அல்ட்ராசவுண்ட் கருவியால் ஸ்கான் செய்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நேர விரயம் அல்ல என்பதே என் பதில். நான் இதய வைத்திய நிபுணர் அல்ல. அம்பாறை மாவட்டக் கரையோர வைத்தியசாலை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய வைத்திய அதிகாரி.

மூச்சுத்திணறல் என்ற ஒரே முறைப்பாட்டோடு வரும் நோய்கள் ஒன்றுக்கொன்று எதிரான சிகிச்சையைக் கோருகின்றன. இடது இதயவறை சோர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருந்தால் அந்த நீரைச் சிறுநீராக வெளியேற்ற மருந்து கொடுக்க வேண்டும். இதய உறைக்குள் நீர் தேங்கி இதயத்தை நெரிக்கும்போது அதே மருந்து இரத்த அழுத்தத்தை வீழ்த்திவிடக்கூடும். அங்கே ஊசி மூலம் நீரை எடுக்க வேண்டும். நுரையீரலுக்குச் செல்லும் நாடியை இரத்தக்கட்டி அடைத்தால் வலது இதயவறை பெருத்து இடதை அமுக்கும். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாலோ, முட்டு (ஆஸ்துமா) நோயாளியிடம் கேட்கும் அதே இழுப்புச் சத்தம் இதய நோயாளியிடமும் கேட்கலாம்.

பொத்துவில் பக்கத்திலிருந்து ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவரை நள்ளிரவு தாண்டி எங்களிடம் கொண்டுவந்தார்கள். "சின்ன வயசிலிருந்தே இவளுக்கு முட்டு, டொக்டர்" என்றார் அவருடைய தாயார். வழியில் ஓரிடத்தில் முட்டுக்குக் கொடுக்கும் சல்பியூட்டமோல் மருந்தை ஆவியாகப் பிடித்திருந்தார்கள். பிடிக்கப் பிடிக்க இளைப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. தாதி உத்தியோகத்தர் ஒட்சிசன் போட்டு ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருந்த நேரத்திலேயே நான் நெஞ்செலும்பின் இடப்பக்கத்தில் ஸ்கான் இயந்திரத்தின் புரோப்பை (உடலில் வைக்கும் கைப்பகுதியை) வைத்துப் பார்த்தேன். இடது சோணையறை பெருத்திருந்தது. அதற்கும் இடது இதயவறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வின் முன் இதழ் தடித்து, ஹொக்கி மட்டை போல வளைந்து, முழுதாகத் திறக்க மாட்டாமல் நின்றது. நுரையீரலின் இரு பக்கமும், நீர் கோத்திருப்பதைக் காட்டும் பி கோடுகள் எனப்படும் வெண்கோடுகள் நிறைந்திருந்தன.

அது சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் விட்டுச்சென்ற வால்வு ஒடுக்கம். கர்ப்ப காலத்தில் இரத்தத்தின் அளவும் துடிப்பின் வேகமும் கூடும்போதுதான் பலருக்கு அது வெளிப்படுகிறது. ஒடுங்கிய வால்வினூடாக இரத்தம் இறங்குவதற்கு அவகாசம் வேண்டும். துடிப்பை விரைவாக்கும் சல்பியூட்டமோல் அந்த அவகாசத்தைத்தான் பறிக்கிறது. ஆவியை நிறுத்தி, நிமிர்த்தி உட்காரவைத்து, நீரை வெளியேற்றும் புரூசமைட் மருந்தை ஏற்றி, நிபுணரிடம் தொலைபேசியில் கேட்டுத் துடிப்பைக் குறைக்கும் மருந்தையும் தொடங்கினோம். விடிவதற்குள் அவர் மூச்சு வாங்காமல் ஒரு முழு வசனம் பேசினார். இலங்கையில் கர்ப்பிணிகளின் மரணத்துக்கான முக்கிய காரணங்களுள் இதய நோயும் ஒன்று என்பதை அறிந்தவர்களுக்கு அந்த ஒரு வசனத்தின் பெறுமதி விளங்கும்.

அவரை அனுப்பிவைத்த பெரிய வைத்தியசாலையில் என் கடிதத்தைப் படித்த ஒருவர், "எக்கோ பார்க்க உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது?" என்று, இதய ஸ்கானைக் குறித்துக் கேட்டதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. நான் வால்வின் அளவீட்டை எழுதவில்லை; கண்ட மாற்றத்தை மட்டுமே எழுதியிருந்தேன். ஸ்கான் இயந்திரத்தை வேறொரு விடுதியில் பூட்டிவைத்துவிட்டு, இரவில் திறப்பைத் தேடி ஆளனுப்ப வைக்கும் வழக்கமும் இதே மனப்பான்மையிலிருந்து வருவதுதான்.

எல்லாவற்றையும் ஸ்கான் சொல்லிவிடும் என்று நான் கூறுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இதயம் நன்றாகச் சுருங்குவதுபோலத் தெரிந்தாலும், விறைத்துப்போய்ச் சரியாக விரியாத இதயத்தால் நுரையீரலில் நீர் சேரலாம். நெடுங்காலம் புகைத்தவரின் பெருத்த வலது இதயவறை பழைய நோயின் விளைவாகவும் இருக்கலாம். பிரான்சின் வைத்தியர் டானியல் லிச்சென்ஸ்டைன் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், 260 நோயாளரின் மூச்சுத்திணறலுக்கான காரணத்தை ஸ்கான் நூற்றுக்கு 90.5 பங்கு சரியாகக் காட்டியது. அவர் பார்த்ததோ நுரையீரலையும் நாளங்களையும். ஆகவே இதயத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் போதாது.

உங்கள் தந்தையாருக்கு அன்று என்ன கண்டார்கள் என்பதைக் கேட்டு டயக்னோசிஸ் காட்டில் (வைத்தியசாலை தரும் நோய் விவர அட்டையில்) எழுதுவித்துக்கொள்ளுங்கள். கட்டிலருகே பார்த்தது முழுமையான எக்கோவுக்கு ஈடாகாது என்பதால், இதய கிளினிக்கில் அதற்கொரு திகதியும் எடுத்துவையுங்கள்.